உவர்நீர்க் குட்டைகளில் தீங்கு செய்யும் பிராணிகளும் அவற்றை ஒழிக்கும் முறைகளும்

சங்கராபரணியாறு கடலைச் சேருமுன் அரியாங்குப்பம் ஆறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் இரு கிளைகளாகப் பிரிகின்றது. சுண்ணாம்பாற்றை அடுத்த தவளக்குப்பம் போன்ற கிராமங்களில், கடலேற்றத்தின்போது உப்பு ஜலம் முகத்துவாரத்தின் வழியே உள்ளே ஏறும். இத்தகைய ஜலத்தை இறால் அல்லது பால்கெண்டை வளர்க்கும் குட்டைகளில் பாய்ச்சும்பொழுது, கண்ணுக்குப் புலப்படாத மீன் முட்டைகளும் குஞ்சுகளும் உடன் புகுந்துவிடுகின்றன.

விளையும் தீங்குகள்

கொடுவா மீன் இறால் குஞ்சுகளை விழுங்கும். உளுவையும் அவ்வாறே செய்யும். மடவை முதலியவை இரையில் பங்கு கொள்ளும். நண்டுகள் கரையைத் துளைத்து ஜலத்தைக் கசியச் செய்வதுடன், வெண்புள்ளி நோயையும் பரப்பக்கூடும். 1994-95ஆம் ஆண்டுகளில் இந்நோய் இந்தியக் கடற்கரை மாகாணங்களில் பரவிப் பெருநஷ்டம் விளைவித்தது. நோய்கண்ட குட்டையைக் குணப்படுத்த மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி.

முன்னேற்பாடுகள்

அறுவடை முடிந்ததும் ஜலத்தை முழுதும் வடித்து, அடிமண் வெடிக்கும்வரை வெயிலில் உலர்த்த வேண்டும். நத்தைகளைப் பொறுக்கி, நண்டு வளைகளை அடைத்தல் அவசியம். மதகில் நெருக்கமான கண்களுள்ள வலையை இரட்டையாய்க் கட்டி, நாள்தோறும் சோதிக்க வேண்டும். கரையைச் சுற்றித் தாழ்வான வலைவேலி அமைப்பின் வெளிநண்டுகள் புகா. நீர்க்காகம் முதலிய பறவைகளைத் தடுக்கக் குட்டையின் குறுக்கே கயிறுகள் கட்டலாம்.

இலுப்பைப் புண்ணாக்கு

முற்றிலும் வடிக்க இயலாத குட்டைகளுக்கு இதுவே உகந்தது. தலைமுழுகுவதற்கு இப்புண்ணாக்கு நுரைப்பது எதனாலோ, அப்பொருளே மீனின் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கொல்கின்றது. ஆயிரம் லிட்டர் ஜலத்திற்கு 200 கிராம் வேண்டும். ஓர் ஏக்கர் குட்டையில் ஓரடி ஜலமிருப்பின் சுமார் 250 கிலோகிராமும், மூன்றடியிருப்பின் 750 கிலோகிராமும் செல்லும். ஆகவே ஜலத்தைக் குறைத்த பின்னரே இடுதல் சிக்கனம். புண்ணாக்கைப் பொடித்து, ஊறவைத்து, குட்டை முழுவதும் சீராய்த் தெளிக்க வேண்டும். செத்து மிதக்கும் மீன்களை உடனே அகற்றுக. நண்டுகள் இதனால் சாகா. அவற்றைப் பிடித்தே ஒழித்தல் வேண்டும்.

விஷம் தணிய இரண்டு மூன்று வாரங்களாகும். பின்னர் அதுவே எருவாகும். சில குஞ்சுகளைச் சிறு வலைக்கூட்டில் விட்டுச் சோதித்த பிறகே இருப்புச் செய்க. விஷம் தணியாத ஜலத்தை ஆற்றில் விடின் அங்குள்ள மீன்களும் மடியும். மீன்பிடித்துப் பிழைப்போருக்குக் கேடாகும். பயிர்ப்பூச்சி மருந்துகளை ஒருபோதும் உபயோகிக்கலாகாது. அவை முதலில் இறாலையே கொல்லும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

2005ஆம் வருஷத்துக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி இக்குட்டைகள் பதிவு செய்யப்பட வேண்டும். பயிர் நிலங்களை உவர்நீர்க் குட்டைகளாக மாற்றுதல் கூடாது. ஒரு குட்டையின் கசிவு அயல் வயலை உவராக்குமாதலால், கரைகளின் உறுதியை அதிகாரிகள் அவ்வப்போது பார்வையிடுவது நலம்.