சாரல் விட்டால்தான் தோல் காயும்! - செங்கோட்டை அருகே ஒரு மகுடம் உருவான கதை

ஆனி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் கொண்டாட்டம்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் காற்று செங்கோட்டையைத் தொட்டு, தென்காசி, குற்றாலம் வரை சாரலைத் தூவிவிட்டுப் போகும். வெளியூர்க்காரர்கள் துண்டும் எண்ணெயுமாக அருவிக்குக் கிளம்பி வருவார்கள். அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான் அந்த இரண்டு மாதமும் எல்லோரும் கேட்கும் கேள்வி.

அந்த நேரத்தில், வானத்தைப் பார்த்துக் கவலையோடு உட்கார்ந்திருந்த ஒருவரைச் சந்தித்தேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். தப்பு, மகுடம், உடுக்கை என்று தோல் கருவிகளுக்குத் தோல் கட்டுபவர். செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவர் கேட்டுக்கொண்டது. பேத்தி வெளியூரில் நர்ஸிங் படிக்கிறாள். தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று அங்கே அவள் யாரிடமும் சொன்னதில்லை. “அவ சொல்லணும்னு நினைச்சா சொல்லிக்கிடட்டும் தாயி. நாம சொல்ல வேண்டாம்” என்றார்.

கெட்டுப்போன முதல் தோல்

ஆடி மாதம் பக்கத்து ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் கொடை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் சுடலைமாடன் கொடை என்றால் பல ஊர்களில் கணியான் கூத்து உண்டு. அண்ணாவி கதை சொல்லிப் பாட, பெண் வேடமிட்டவர்கள் ஆட, பின்னால் இரண்டு மகுடங்கள் முழங்கும். மகுடம் என்பது வட்டமான மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய கருவி. இரண்டில் ஒன்று ‘உச்சம்’, மற்றது ‘மந்தம்’. பெயரைப் போலவே ஒன்று மேலே கூவும், மற்றது கீழே உறுமும். இரண்டும் சேர்ந்தால்தான் கூத்து. இந்தக் கூத்துக்கே மகுடாட்டம் என்றும் ஒரு பெயர் உண்டு.

அந்தக் கொடைக்கு வரும் குழுவின் மந்த மகுடத்தில் தோல் கிழிந்துவிட்டது. சட்டம் அவரிடம் வந்து பத்து நாளாகியிருந்தது. முதலில் ஒரு தோலை எடுத்து முற்றத்தில் விரித்திருக்கிறார். மூன்று நாள் விடாத சாரல். நான்காம் நாள் ஓரத்தைத் தொட்டால் பிசுபிசுப்பு, கெட்ட வாடை. தூக்கிப்போட்டுவிட்டார்.

நான் போன அன்று இரண்டாவது தோல் சுண்ணாம்பு நீரில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து மாட்டுக் கொட்டிலில் நோயில் இறந்துபோன எருமைக் கன்றின் தோல். கொடைக்கு இன்னும் மூன்று வாரம். இதுவும் கெட்டால் கூத்துக்கு மந்தம் கிடையாது.

மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த தெரு

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெரு எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் இருந்தது. “மூக்கைப் பொத்திக்கிட்டு வெரசாப் போ” என்று ஆச்சி சொல்லி அனுப்புவாள். நானும் பொத்திக்கொண்டே ஓடியிருக்கிறேன். அந்த வீட்டில் இருப்பவரை எங்கள் வீட்டில் யாரும் மரியாதையாகக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை.

இந்த முறைதான் முதல்முதலாக அவரைத் “தாத்தா” என்று கூப்பிட்டேன். அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

இழுப்பதில்தான் இருக்கிறது வித்தை

மூன்று நாள் சுண்ணாம்பு நீரில் ஊறினால் மயிர்க்கால் தளர்ந்துவிடும். மழுங்கிய கத்தியால் வழித்தால் மயிர் கற்றையாக வரும். பிறகு தோலைத் திருப்பிப்போட்டு, உள்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் சுரண்ட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் தோலில் ஓட்டை விழும். சோம்பல் பட்டால் கொழுப்பு தங்கிவிடும். கொழுப்பு தங்கிய இடத்தில் ஈரம் வெளியேறாது, அங்கேதான் முதலில் அழுகும். சுரண்டிய பிறகு சுண்ணாம்பு போகும்வரை பல தண்ணீரில் அலச வேண்டும்.

அடுத்தது விரிப்பது. வெயில் காலமாக இருந்தால் மேடான மண் தரையில் முளைக்குச்சி அடித்துத்தான் விரிப்பார். தோலின் ஓரத்தில் சின்னத் துளைகள். முதல் குச்சி கழுத்துப் பக்கம். இரண்டாவது அதன் பக்கத்தில் இல்லை, நேர் எதிரே வால் பக்கம். அடுத்து இடது, அதற்கு எதிரே வலது. பிறகு இடையிடையே. எப்போதும் எதிரெதிராக. கார் சக்கரத்துக்கு நட்டு முடுக்குகிறவர்களைக் கவனித்திருந்தால் இது புரியும்.

ஒரு பக்கத்தை மட்டும் முழுதாக இழுத்து அடித்துவிட்டால், மறுபக்கம் வரும்போது தோல் கோணிக்கொள்ளும். காய்ந்த பிறகு அந்தக் கோணல் போகாது. வாசிக்கும்போது ஓர் இடத்தில் ஒரு சத்தம், இன்னோர் இடத்தில் வேறு சத்தம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

“இழுக்க எல்லாரும் இழுப்பாவ தாயி. காயும்போது அதுவும் தன்னால இழுக்கும். அதுக்குக் கொஞ்சம் விட்டு வைக்கணும்” என்றார். ஈரத் தோல் காயக் காயச் சுருங்கும். முதலிலேயே முழு விறைப்பில் அடித்துவிட்டால், காய்கிற வேகத்தில் துளை கிழிந்துவிடும் அல்லது குச்சி பிடுங்கிக்கொள்ளும்.

காயும்போது என்ன நடக்கிறது?

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஈரமாக இருக்கும்போது இந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இழுத்த நிலையில் ஈரம் வெளியேறினால், இழுத்த திசையில் வரிசைகட்டி அப்படியே இறுகிவிடும். இழுக்காமல் விட்டால் அவை தம் போக்கில் சுருண்டு, தோல் முறுக்கிக்கொண்டு அப்பளம் போலாகிவிடும்.

சரி, நல்ல வெயிலில் போட்டால் சீக்கிரம் காயுமே? காயும், ஆனால் மேலே மட்டும். மேல்பரப்பு கெட்டியாகி உள்ளே இருக்கும் ஈரத்தை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு, ஈரமான பச்சைத் தோல் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுருங்கிப் பசைபோல் ஆகத் தொடங்கிவிடும். அதனால்தான் சித்திரை வெயிலிலும் அவர் மர நிழலையே தேடுகிறார். அவருக்கு வேண்டியது சூடு இல்லை, காற்று.

செருப்பும் பையும் செய்கிற தோல் வேறு ரகம். அது பதனிட்ட தோல். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய முறை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல் என்று அதற்குப் பேர்போன ஊர்கள் உண்டு. சென்னை அடையாறில் 1948-லேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்துவிட்டது. பதனிட்ட தோல் எளிதில் அழுகாது, வளையும், மெத்தென்று இருக்கும். அந்த மெத்தனம்தான் மகுடத்துக்கு ஆகாது. அடித்தால் சத்தத்தை விழுங்கிவிடும். கருவிக்கு வேண்டியது பதனிடாத, விறைத்துக் காய்ந்த பச்சைத் தோல். ஈரம் பட்டால் தளர்ந்துவிடுவது அதன் பலவீனம். தப்பாட்டக்காரர்கள் வாசிப்பதற்கு முன் நெருப்பு மூட்டி கருவியைக் காட்டுவது அந்தத் தளர்ச்சியை எடுக்கத்தான்.

கதவுப் பலகையும் ராக்கூன் தோலும்

சாரலில் மண் தரை சொதசொதவென்று இருக்கிறது. முளைக்குச்சி நிற்காது. இரண்டாவது தோலுக்கு அவர் எடுத்தது, இடித்த வீட்டிலிருந்து வந்த ஒரு பழைய கதவு. திண்ணையில் அதைச் சாய்த்து நிறுத்தி, மேலே தோலை விரித்து, மூங்கில் சீவிய ஆணிகளை அடித்தார். இரும்பு ஆணி அடித்தால் துரு இறங்கித் தோலில் கறை பிடித்துவிடுமாம். கதவுக்கும் தோலுக்கும் நடுவே அங்கங்கே சின்னக் குச்சிகளைச் செருகினார், பின்பக்கமும் காற்றுப் போவதற்கு.

அதைப் பார்த்ததும் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கிராமங்களில் ராக்கூன் என்று ஒரு விலங்கு உண்டு. கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டதுபோல் இருக்கும். அங்கே அதன் தோலை மயிரோடு உரித்து, மரப்பலகையிலோ தொழுவத்துக் கதவிலோ ஆணி அடித்து விரித்துக் காயவைப்பது பழைய வழக்கம். 1950-களில் டேவி க்ராக்கெட் என்ற டிவி தொடர் வந்தபோது, ராக்கூன் வாலோடு கூடிய தொப்பிக்காக அங்கே பிள்ளைகள் பித்துப் பிடித்து அலைந்தார்கள். அவர்களுக்கு மயிர் வேண்டும், இவருக்கு மயிர் கூடாது. மற்றபடி கொழுப்பைச் சுரண்டு, சமமாக இழு, நிழலில் காயவை என்ற மூன்றும் ஒன்றுதான்.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். “அங்கயும் சாரல் உண்டா?” என்று கேட்டார்.

எல்லாத் தோலும் கூடாது

கையில் கிடைக்கும் எந்தத் தோலையும் கட்டிவிட முடியாது. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் நெடுங்கால வழக்கம். ஆனால் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு உடும்பு. அதை வேட்டையாடினாலோ தோலை விற்றாலோ 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இப்போது கஞ்சிராவுக்கு ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. மலையடிவார ஊர் என்பதால் யாராவது உடும்புத் தோலோடு வந்து நிற்பார்களா என்று கேட்டேன். முன்பு வந்ததுண்டு என்றும், வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன் என்றும் சொன்னார்.

செயற்கைத் தோலைப் பற்றி அவருக்குக் கோபம் இல்லை. மேலை நாட்டு டிரம்களுக்கு 1950-களின் பிற்பகுதியிலேயே பிளாஸ்டிக் தகடு வந்துவிட்டது. இங்கேயும் பறைக்கு ஃபைபர் வந்தாகிவிட்டது. மழையில் நனைந்தாலும் தளராது, நெருப்பு மூட்ட வேண்டாம், நாற்றம் இல்லை. ஊர்வலத்துக்கு அது வசதி என்று அவரே சொல்கிறார். மந்தத்துக்கு மட்டும் அது சரிப்படாது என்பது அவர் தீர்ப்பு. காரணம் கேட்டால் விளக்கத் தெரியவில்லை, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பிக் காட்டினார்.

மேடையில் வாசிப்பவரை நமக்குத் தெரியும். கருவி செய்தவரை? மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூல் 2020-ல் வந்தபோதுதான், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்குப் பின்னால் பர்லாந்து என்றொரு கைவினைஞர் இருந்தது பலருக்குத் தெரியவந்தது. நம் ஊர்க் கொடை நோட்டீஸிலும் வரி கொடுத்தவர், வாணவேடிக்கை உபயம் செய்தவர் என்று எல்லோர் பெயரும் இருக்கும். தோல் கட்டியவர் பெயர் இருக்காது.

தட்டிப் பார்த்த நாள்

அந்தக் கதவைப் பார்க்க நான் நான்கு முறை போனேன். முதல் இரண்டு நாள் தோல் வெளுத்து ஈரமாகவே தொங்கியது. இரவில் காற்று திசை மாறிச் சாரல் திண்ணைக்குள் அடித்தபோது, அவரும் மனைவியும் கதவை உள்ளே தூக்கி வைத்துவிட்டுத் தூங்காமல் இருந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் வெயில் எட்டிப்பார்த்தது. ஏழாம் நாள் அவர் நகத்தால் சுண்டினார். ‘டக்’கென்றது. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தேன் நிறத்தில், எங்கும் ஒரே சீராக வெளிச்சம் கசிந்தது.

பிறகும் வேலை பாதி இருந்தது. தோலை வட்டமாக வெட்டி, மறுபடி ஊறவைத்து, புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையைச் சட்டத்தில் தடவி, அதன்மேல் போர்த்த வேண்டும். “இந்தா, அந்தப் பக்கத்தைப் பிடி” என்றார். எதிரே உட்கார்ந்து பிடித்தேன். அவர் இழுக்கும்போது நானும் இழுத்தேன். “விடு, விடு... போதும்” என்று இரண்டு முறை சொன்னார். மறுபடியும் நிழல், மறுபடியும் காத்திருப்பு.

கொடை அன்று இரவு ஆச்சியையும் அழைத்துப் போனேன். அண்ணாவி பாட்டெடுக்க, உச்சம் முதலில் தொடங்கியது. அடுத்து மந்தம். அந்தச் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. “இந்த மகுடம் நல்லாப் பேசுது” என்றாள் ஆச்சி.

யார் கட்டியது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவரு வந்திருக்காரா?” என்று கேட்டாள். ‘அவரு’ என்றுதான் கேட்டாள்.

கூட்டத்தில் தேடினேன். பந்தலுக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கண் கூத்தில் இல்லை. தலையைச் சாய்த்து, மந்தம் வரும் இடங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.