நனைந்த கைத்தொலைபேசி

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவக் காற்றுகளாலும் மழை பெறும் ஊர் திருவனந்தபுரத்தைச் சார்ந்த கரமனை. ஜூன் மாதத்திலும் அக்டோபரிலும் அங்கே கைத்தொலைபேசி நனைந்துபோதல் இயல்பே. ஓய்வூதியக் கணக்கு முதல் உறவினர் எண்கள் வரை யாவும் அதனுள் அடங்கியிருத்தலால், பதற்றமும் இயல்பே.

நனைந்த கருவியை அரிசியினுள் புதைத்து வைப்பது பலரிடம் காணப்படும் வழக்கம். உள்ளிருக்கும் நீரை அரிசி வெளியே இழுப்பதில்லை. அதன் தூள் துளைகளிற் புகுந்து கேடு விளைக்கவும் கூடும். ஆப்பிள் நிறுவனத்தின் அறிவுரையும் இதனை விலக்குகிறது.

பெருங்கேடு செய்வது ஈரத்தின் வழியே பாயும் மின்னோட்டம். நீரிற் கரைந்த உப்புகள் மின்னைக் கடத்துவதால், நுண்ணிய உலோக முனைகள் மின்பகுப்புற்று அரிக்கப்படுகின்றன. ஆகவே, நனைந்தவுடன் கருவியின் இயக்கத்தை அறவே நிறுத்துதல் வேண்டும். பழுதாயிற்றோ என்று அறியும் ஆவலில் சிலர் உடனே மின்னேற்றத் தொடங்குகின்றனர். இதனினும் தீயது வேறில்லை.

சிம் அட்டையை எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, மின்னேற்றும் துளை கீழ்நோக்கியிருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துக. மழைநாளில் காற்றிலேயே ஈரம் செறிந்திருப்பதால் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அடுப்பருகே வைத்தல் தகாது. லித்தியம் மின்கலத்திற்கு மிகை வெப்பம் ஆகாது. மின்கலம் உப்பியிருப்பின் மின்னேற்றாமல் பழுதுபார்ப்போரிடம் ஒப்படைத்தல் நலம்.