இருபத்துமூன்றே வாரம்

கையில் ஒரு பெண் குழந்தை. அதற்கு இதயத்தில் கோளாறு. அறுவை சிகிச்சைக்குப் பணமில்லை. மாமியார் ஜோடித்த பழியை நம்பி, கர்ப்பிணியாக இருந்தபோது தன்னைக் கைவிட்ட கணவனிடமே கிரத் போய் நிற்கிறாள். பழைய உறவு கேட்டு வரவில்லை. அவன் மகளுக்கு அவன் வைத்தியம் பார்க்கட்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

‘ஹம்சஃபர்’ நாடகத்தின் இந்தக் கட்டத்துக்காகப் பாகிஸ்தான் வீடுகள் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தன. ஃபர்ஹத் இஷ்தியாக்கின் நாவலை சர்மத் கூசட் இயக்கினார். ஃபவாத் கான், மாஹிரா கான் இருவரையும் நட்சத்திரங்களாக்கிய தொடர் அது. 2011 செப்டம்பரில் தொடங்கி 2012 மார்ச்சில் முடிந்தது. மொத்தம் 23 பகுதிகள்தான். அதன் தலைப்புப் பாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1971இல் டாக்கா கைவிட்டுப்போன துயரத்தில் நசீர் துராபி எழுதிய கஜல், நாற்பது ஆண்டு கழித்து ஒரு தம்பதியின் பிரிவுப் பாடலாக வீடு வீடாக ஒலித்தது.

ஒளிபரப்பியது கராச்சியின் ஹம் டிவி. உருதுவில் ‘ஹம்’ என்றால் ‘நாம்’. 2005 ஜனவரியில் இதைத் தொடங்கிய சுல்தானா சித்திகி, அரசுத் தொலைக்காட்சியான பிடிவியில் பழகிய கை. சிந்தி நாட்டுப்புறக் கதைநாயகியை இன்றைய பெண்ணாக்கி அவர் 1993இல் இயக்கிய ‘மார்வி’யை அங்கே இன்றும் பேசுகிறார்கள்.

சானல் பிறந்த நேரம் அவ்வளவு சாதகமானதல்ல. கேபிள் வழியே இந்தியத் தொடர்கள் பாகிஸ்தான் கூடங்களில் நுழைந்திருந்த காலம். ‘க்யூங்கி சாஸ் பி கபி பஹு தி’ மட்டுமே 1,800 பகுதிகளைத் தாண்டி ஓடியது. அந்த ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல், பிடிவி போட்டு வைத்த பாதையிலேயே ஹம் டிவி நடந்தது: வாரம் ஒரு பகுதி, ஏறக்குறைய ஆறு மாதம், பிறகு முற்றும். கதைக்கும் பஞ்சமில்லை. ‘டைஜஸ்ட்’ எனப்படும் உருது மாத இதழ்களில் பெண் எழுத்தாளர்கள் எழுதிக் குவித்த தொடர்கதைகள் காத்துக்கிடந்தன. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு ஏங்கி வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த ருசியை விளக்கத் தேவையில்லை.

அப்படி வந்ததுதான் உமேரா அகமதின் ‘ஜிந்தகி குல்சார் ஹை’. 2012இல் சுல்தானாவே இயக்கினார். ஆண் வாரிசுக்காக இன்னொரு திருமணம் செய்துகொண்ட தந்தை. மூன்று மகள்களை ஆசிரியை வேலை பார்த்து வளர்க்கும் தாய். மூத்தவள் கஷஃப் உதவித்தொகையில் பணக்காரப் பிள்ளைகளின் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரவானால் டைரியைத் திறந்து கடவுளிடமே சண்டை போடுகிறாள். வசதியான வீட்டுப் பையன் ஜாரூனும் டைரி எழுதுகிறான். ஒரே சம்பவம் இரண்டு டைரிகளிலும் வேறு வேறாகப் பதிவாகும் அழகு இதில் உண்டு. ஆனால், குறையும் இருக்கிறது. வெளியே போய் வேலை பார்க்கும் ஜாரூனின் தாயையும் சொந்த விருப்பப்படி வாழும் சகோதரியையும் குடும்பத்தைக் கெடுப்பவர்களாகக் காட்டுகிறார் கதாசிரியர். அந்த உபதேசத்தை ரசிக்க முடியவில்லை.

ஹம் டிவியின் துணிச்சலுக்குச் சாட்சி 2016இல் வந்த ‘உடாரி’. நுண்கடன் அமைப்பான காஷ்ஃப் ஃபவுண்டேஷனுடன் சேர்ந்து தயாரித்த இந்த நாடகத்தில் வளர்ப்புத் தந்தையே சிறுமியைச் சீரழிக்கிறான். அந்த வேடத்தை ஏற்றவர், காதல் நாயகனாகப் பெயரெடுத்த அஹ்சன் கான். ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான பெம்ரா விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது; நாடகம் நிற்கவில்லை. இதே பெம்ரா 2021இல் கட்டியணைக்கும் காட்சிகளே கூடாது என்றும் சொன்னது.

2014 ஜூனில் இந்தியாவில் ‘ஜிந்தகி’ சானல் தொடங்கியபோது முதல் வரிசையிலேயே கஷஃபின் கதை இருந்தது. காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பின், 2016 செப்டம்பரில் பாகிஸ்தான் நாடகங்களை அந்தச் சானல் நிறுத்திக்கொண்டது. நடுவில் கிடைத்த இரண்டேகால் ஆண்டில், எல்லைக்கு இந்தப் பக்கமும் ஃபவாத் கானுக்கு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள். எப்போதாவது பார்க்க வாய்த்தால் கஷஃபிடமிருந்து ஆரம்பியுங்கள். 26 பகுதிகளில் முடிந்துவிடும்.