பாய் அப்புறம், முதலில் போர்டு

சிறுசேரியில் வேலை பார்த்துக்கொண்டே கோவளத்தில் விண்ட்சர்ஃபிங் பழகும் தம்பிகள், கேளம்பாக்கத்தில் டீ குடிக்க நிற்கும்போது கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அண்ணா, காத்தே இல்ல. எட்டு ஸ்கொயர் மீட்டர் பாய் ஒண்ணு வாங்கிடட்டா?"

"டீயைக் குடிங்க தம்பி. பாய் அப்புறம், முதல்ல போர்டு" என்பேன்.

காரணம் எளிய கணக்கு. பாயின் மீது காற்று தரும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 14 நாட் காற்று 7 நாட்டாக இறங்கினால் இழுப்பு பாதி ஆகாது, கால்வாசி ஆகிவிடும். 14 நாட்டில் 5 சதுர மீட்டர் பாய் தந்த இழுப்பை 7 நாட்டில் பெற 20 சதுர மீட்டர் வேண்டும். யாராலும் அதைத் தூக்கிப் பிடிக்க முடியாது. ஆகவே மெல்லிய காற்றைப் பாயால் ஈடுகட்டப் பார்ப்பது வீண். அந்தக் கொஞ்ச இழுப்பிலும் வழுக்கிப் போகும் போர்டுதான் தேவை.

அலுவலகத்துக்கு முன்பு தண்ணீரில் இறங்குபவர்களுக்கு இந்தக் கரையில் பெரும்பாலும் மெல்லிய காற்றுதான் கிடைக்கும். கோடையில் கடற்காற்று எழ நண்பகலாவது ஆகும். மேற்கிலிருந்து அடிக்கும் காற்று பலமாக இருந்தால் இன்னும் தாமதம். அந்தக் காலை மேல்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது, ஆளை மெல்ல மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடும். பழகும் வரை காலையில் முட்டுக்காடு உப்பங்கழி போன்ற மூடிய நீர்தான் பத்திரம். கடலில் இறங்குவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அலைத்தலையில் வெள்ளை நுரை தெரியவில்லை என்றால் காற்று ஏறக்குறைய 10 நாட்டுக்குள், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்குள் இருக்கிறது.

இப்போது போர்டு. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். உங்கள் எடை 75 கிலோ, போர்டு 13, பாயும் கம்பமும் கையில் பிடிக்கும் பூமும் சேர்ந்து 9 என்றால் மொத்தம் 97. 100 லிட்டர் போர்டில் ஏறினால் அது நீர்மட்டத்தோடு மட்டமாகிவிடும். காற்று நின்ற இடத்தில் பாயை நீரிலிருந்து இழுத்து நிமிர்த்தத் தடுமாறுவீர்கள். எடையோடு நூறைக் கூட்டி 170, 180 லிட்டரில் பாருங்கள். அகலம் 75 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம்.

நடுவில் நீருக்குள் இறங்கும் பலகை, அதாவது டேகர்போர்டு, கட்டாயம் இருக்கட்டும். வேகம் இல்லாதபோது பின்னால் உள்ள ஃபின்னால் மட்டும் பக்கவாட்டு நழுவலைத் தடுக்க முடியாது. கிளம்பிய இடத்துக்கே எதிர்க்காற்றில் திரும்பி வர உதவுவது நடுப்பலகைதான். இந்தக் கரையில் பாய் கட்டிய கட்டுமரங்களிலும் இதற்காகவே நீருக்குள் பலகை இறக்கினார்கள். மேலே மடங்கிக்கொள்ளும் வகையாக வாங்குங்கள், கழியில் மணல்திட்டு அதிகம்.

பாயைப் பொறுத்தவரை, பழகும்போது 5 சதுர மீட்டர் போதும், பிறகு 6.5 அல்லது 7. பெரிய பந்தயப் பாயின் கம்ப உறை அகலமானது, விழுந்தால் அதில் தண்ணீர் நிறைந்து கை ஓய்ந்துவிடும். கையில் இருக்கும் பாயிலேயே கூடுதல் இழுப்பு எடுக்கலாம். கம்பத்தின் அடியில் உள்ள கயிற்றையும் பூம் நுனிக் கயிற்றையும் ஓரிரு விரற்கடை தளர்த்துங்கள். பாய்க்கு வயிறு வரும், மெல்லிய காற்றும் அதில் தங்கும். வயிறு பூமில் அழுந்தினால் தளர்வு அதிகம்.

போர்டின் அடியில் தண்டோடு மாட்டும் இறக்கையான ஃபாயிலைப் பற்றியும் கேட்கிறார்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங் முழுக்க ஃபாயிலுக்கு மாறியது. 8 நாட் காற்றிலேயே போர்டு நீரைவிட்டு எழுவது அற்புதம்தான். ஆனால் அதன் தண்டே ஒரு மீட்டரை ஒட்டி நீளம், ஆழமில்லாத கழியில் தரையில் முட்டி ஆளைத் தூக்கி எறியும். கடலில் நன்றாகப் பழகியபின் யோசிக்கலாம்.

டேகர்போர்டு வைத்த பழைய நீள போர்டு செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் தயங்காமல் போய்ப் பாருங்கள். பலகை அதன் பொந்தில் சிக்காமல் ஏறி இறங்குகிறதா, கம்பம் பொருந்தும் தடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கால் வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் மேலோடு உள்ளிருக்கும் நுரையை விட்டுப் பிரிந்திருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.