வட்டுக்கோட்டைக் குருமடத்தின் விடுதி வாழ்க்கை

வட்டுக்கோட்டைக் குருமடம் (வட்டுக்கோட்டை செமினறி) என்பது இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1823 முதல் 1855 வரை இயங்கிய கிறித்தவ உயர்கல்வி நிறுவனமாகும். அமெரிக்க மிசன் இதனை நடத்தியது. உள்ளூர்த் தமிழ் இளைஞரைப் போதகர்களாகவும் ஆசிரியர்களாகவும் பயிற்றுவிப்பது இதன் நோக்கம். மாணவர்கள் குருமட வளாகத்திலேயே ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். இக்கட்டுரை அவ்விடுதி வாழ்க்கையையும் அதன் விளைவுகளையும் விளக்குகிறது.

பின்னணி

அமெரிக்க மிசனரிகள் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினர். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் அவர்களின் முதல் நிலையங்கள். வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத் தேவாலயக் கட்டடங்கள் சிதைந்து கிடந்தன. அவற்றைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தினர். 1820இல் பிரித்தானிய அரசு மேலும் அமெரிக்க மிசனரிகள் வருவதற்கு அனுமதி மறுத்தது. இத்தடை 1833 வரை நீடித்தது. வெளியிலிருந்து ஆட்கள் வர இயலாத நிலையில், உள்ளூரிலேயே பணியாளரை உருவாக்குவது இன்றியமையாததாயிற்று.

பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் மாணவர், வீட்டுச் சடங்குகளிலும் கோயில் வழிபாட்டிலும் தொடர்ந்து பங்கு கொண்டனர். அச்சூழலிலிருந்து அவர்களைப் பிரித்து வளர்த்தால்தான் தம் நோக்கம் நிறைவேறும் என மிசனரிகள் கருதினர். விடுதிமுறைக்கு இதுவே அடிப்படை. டானியல் பூர் 1836 வரையும், அவருக்குப் பின் என்றி ஒய்சிங்டன் 1849 வரையும் தலைமை வகித்தனர்.

உணவும் சாதியும்

விடுதியின் முதற் சிக்கல் உணவாகவே இருந்தது. மாணவர்களிற் பெரும்பாலோர் சைவ வேளாளக் குடும்பத்தினர். மிசன் வளாகத்தில் சமைத்ததை உண்டால் சாதி கெடும் என்பது பெற்றோரின் அச்சம். இதனால் மிசனின் தொடக்ககால விடுதிகளில் சமையலும் உணவும் அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியில் நடைபெற்றன. சாதி வேறுபாட்டை ஏற்காத மிசனரிகள், மாணவரை இழக்காதிருக்க இந்த இணக்கத்துக்கு உடன்பட்டனர். வீட்டிலிருந்து பிரிப்பதற்காக ஏற்பட்ட விடுதிக்குள் வீட்டு வழக்கம் நுழைந்தது இவ்வாறே.

அன்றாட வாழ்க்கை

இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ட் இக்குருமடத்தைப் பார்வையிட்டு, 1850இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். படுக்கையறை, உணவுக்கூடம், சமையலறை ஆகிய மூன்றும் முழுவதும் உள்நாட்டு முறையில், மிகத் தூய்மையாக இருந்தன. அவற்றை அடுத்திருந்த வகுப்பறையிலோ காற்றுப் பம்பு, மின் பொறி, கோள்களின் இயக்கத்தைக் காட்டும் கருவி முதலியன இருந்தன. இந்த வேறுபாடு அவரைக் கவர்ந்தது. உள்ளூர்ப் பழக்கத்தில் உண்டு உறங்கிய மாணவர், ஆங்கிலம், தமிழ், கணிதம், வானியல், மெய்யியல், கிறித்தவ வேதம் ஆகியவற்றைக் கற்றனர்.

பெயர் மாற்றம்

விடுதிச் செலவை அமெரிக்க நன்கொடையாளர்கள் ஏற்றனர். ஒரு மாணவரின் செலவை ஏற்பவர் அவருக்கு ஒரு பெயரையும் சூட்டலாம். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை முதலிய இரட்டைப் பெயர்கள் இம்முறையை நினைவூட்டுகின்றன. 1841இல் தொடங்கிய உதயதாரகை இதழின் முதல் ஆசிரியர்களான என்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய இருவரும் தமிழரே.

பெண்கள் விடுதி

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. குருமடத்து இளைஞருக்குக் கிறித்தவ மனைவியர் கிடைப்பதும் இதன் நோக்கங்களுள் ஒன்று. இங்கு பயின்று கிறித்தவரை மணந்த பெண்களுக்கு மிசன் சீதனம் வழங்கியது. சாதி உணவைப் போலவே சீதன வழக்கத்தையும் மிசன் மாற்ற இயலாமல் ஏற்றுக்கொண்டது.

மூடலும் விளைவுகளும்

ஆங்கிலக் கல்வி பெற்றவர்கள் ஊர்ப்புறப் போதகர் வேலையைவிட அரசுப் பணியை நாடினர். மிசன் தலைமையகச் செயலாளர் ரூபஸ் ஆன்டர்சன் 1855இல் யாழ்ப்பாணம் வந்தார். பணியாளர் பயிற்சி தமிழ்வழியில் அமைய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாண்டிலேயே குருமடம் மூடப்பட்டது. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது.

போதகரை உருவாக்கும் நோக்கில் பார்த்தால் விடுதி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை ஆகிய இருவரும் இங்கு பயின்றவர்களே. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார். 1887இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சில் பதிப்பித்தார். கிறித்தவராகவே வாழ்ந்த சதாசிவம்பிள்ளை 1886இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்துப் பாவலர் சரித்திர தீபகம் என வெளியிட்டார். சமயத்தால் வேறுபட்ட இவ்விருவருக்கும் பொதுவாக அமைந்தது வட்டுக்கோட்டையில் பெற்ற கல்வியாகும்.