மரியோ 4 கோடி, பெக்மேன் 3 இலட்சம்... நம்ம லயத்து டிவி கேம் எத்தனை, தெரியுமா?

ஒரே ஒரு விளையாட்டு. 1985இல் வந்தது. பெயர் சுப்பர் மரியோ பிரதர்ஸ். எத்தனை விற்றது தெரியுமா? 4 கோடியே 2 இலட்சத்து 40 ஆயிரம்! இலங்கையின் மொத்தச் சனத்தொகையே 2 கோடி 20 இலட்சத்துக்கு உள்ளேதான். கைக்குழந்தை தொடக்கம் பென்சன் எடுத்த தாத்தா வரை ஆளுக்கொன்று கொடுத்தாலும் 1 கோடி 80 இலட்சத்துக்கு மேல் மிஞ்சும்.

இதில் ஒரு சூட்சுமமும் இருக்கிறது. அத்தனை பேரும் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கவில்லை. நின்டெண்டோ கம்பெனி பல இடங்களில் தன் விளையாட்டுப் பெட்டியோடு சேர்த்தே மரியோ கெசட்டையும் கொடுத்துவிட்டது. அப்படிப் பெட்டி வாங்கியவரெல்லாம் மரியோ வாங்கியவர் கணக்கில் ஏறினார். வாத்துச் சுடும் டக் ஹன்ட் 2 கோடி 83 இலட்சத்தை எட்டியதும் இதே வழியில்தான். தோட்டத்தில் சம்பளத்தோடு கொடுக்கிற தேயிலைத் தூளை எல்லாம் கடையில் விற்றதாக எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி!

அந்தப் பெட்டி ஜப்பானில் வெளிவந்த நாள் 1983 ஜூலை 15. ஃபமிகொம் என்று பெயர். உலகம் முழுக்க விற்றது 6 கோடி 19 இலட்சம். அதற்குச் சரியாகப் பதினேழு மாதம் முந்தி, 1982 பெப்ரவரி 15இல், அதே ஜப்பானின் உதவியோடு நம்ம நாட்டில் ரூபவாஹினி டிவி ஆரம்பித்தது. அதன் கோபுரம் எங்கே நிற்கிறது? நம்ம ராகலையிலிருந்து அப்படியே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பிதுருதலாகலை மலை உச்சியில், 2,524 மீற்றர் உயரத்தில்! கொழும்புக்காரன் அன்டனாவைத் திருப்பித் திருப்பித் தேடிய படம் நமக்குத் தலைக்கு மேலேயே இருந்தது. தோட்டத்து லயத்தில் கரண்ட் இல்லாவிட்டால் என்ன, கார் பெட்டரியை டவுனில் சார்ஜ் போட்டுத் தூக்கி வந்து கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தோம்.

இன்னொன்று தெரியுமா? டிவி கேம் பெட்டியும் ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம்தான்! பின்பக்கத்திலிருந்து வரும் வயரில் போவது ரூபவாஹினி அனுப்புகிற மாதிரியே ஒரு அலைவரிசை. அன்டனா வயரைக் கழற்றிவிட்டு இதைச் சொருகி, குமிழைத் திருகிக்கொண்டே போனால் புள்ளி மழைக்கு நடுவில் சட்டென்று மரியோ குதிப்பான். கறுப்பு வெள்ளை டிவியில் அவன் தொப்பி சாம்பல் நிறம். அது சிவப்பு என்பது பல பேருக்கு வருடக் கணக்காகத் தெரியாது.

சரி, இப்போது பெரிய கேள்வி. அந்த 6 கோடி 19 இலட்சத்தில் ராகலைக்கு வந்தவை எத்தனை?

நம்ம லயங்களில் நான் பார்த்தவற்றில் ஒன்றுகூட இல்லை! கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் வாங்கியதும், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சித்திமார் சூட்கேசில் சேலைக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்ததும் ஃபமிகொம்மின் நகல்கள். தாய்வானிலும் சீனாவிலும் செய்தவை. ஒன்றின் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இவ்வளவு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளே உள்ளங்கையளவு பச்சைப் பலகை, அதன் நடுவில் தார் உருண்டை மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. அவ்வளவுதான்! நின்டெண்டோ பல சில்லுகளில் பிரித்து வைத்திருந்த வேலையை ஒரே சில்லில் அடக்கி, மேலே பிசினை ஊற்றி மூடிவிட்டார்கள். பெட்டியின் மிச்ச இடமெல்லாம் வெறும் காற்று.

இந்த நகல்கள் ஆண்ட இராச்சியத்தைக் கேட்டால் தலை சுற்றும். ரஷ்யாவில் 1992இல் வந்த டெண்டி. போலந்தில் பெகாசஸ். இந்தியாவில் மீடியா, லிட்டில் மாஸ்டர். சீனாவில் சுபோர், அதற்கு விளம்பரம் செய்தவர் யார் தெரியுமா? சாட்சாத் ஜக்கி சான்! எத்தனை விற்றன என்று யாரும் சேர்த்து எண்ணி வைக்கவில்லை. உலக சாதனைப் பட்டியல்களில் உள்ள எண்களெல்லாம் ரசீது கொடுத்த கடைகளின் எண்கள், நாம் சேர்ந்த கூட்டத்தை விட்டுவிட்டுப் போட்ட எண்கள்.

சான்று வேண்டுமா? நாம் டேங்க் என்று சொல்வோமே, செங்கல் சுவருக்கு நடுவில் கழுகைக் காப்பாற்றுகிற விளையாட்டு, அதன் நிஜப் பெயர் பெட்டில் சிட்டி. நம்கோ கம்பெனி 1985இல் செய்தது. ஃபமிகொம்முக்கு வந்த அந்த விளையாட்டை அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெளியிடவே இல்லை! நியூயோர்க் பையனுக்குத் தெரியாத விளையாட்டு நம்ம அல்கரனோயாப் பையனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், தெரியாத மாதிரி அண்ணனின் டேங்கையே சுட்டு அசையாமல் நிறுத்தலாம். சண்டை அங்கேதான் தொடங்கும்.

கெசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்குமே, அதை எண்ணிப் பார்த்தவர் உண்டா? உள்ளே இருந்த அசல் விளையாட்டுகள் பல நேரம் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதே மரியோ மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரு நம்பர், ஐந்திலிருந்து தொடங்கினால் இன்னொரு நம்பர்! விற்பனைக் கணக்கில் நின்டெண்டோ செய்த வித்தையைவிட இது பரவாயில்லை என்றுதான் சொல்வேன், இங்கே பொய் முகத்திலேயே எழுதியிருந்தது.

கெசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவோம் அல்லவா? அதைச் செய்யாதீர்கள் என்று நின்டெண்டோவே சொல்லியிருக்கிறது. எச்சில் ஈரம் பட்டால் செம்புக் காலில் களிம்பு பிடிக்கும். மே மாதத்திலும் மூடுபனி வீட்டுக்குள் வரும் நம்ம ஊரில் களிம்புக்கு எச்சிலே தேவையில்லை. கழற்றி மறுபடி சொருகுவதுதான் உண்மையில் வேலை செய்தது, ஊதியது அல்ல!

கொன்ட்ரா விளையாட்டில் முப்பது உயிர் எடுக்கிற வித்தை: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இதைக் கண்டுபிடித்தவர் கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டைச் சோதிக்கும்போது அவராலேயே ஆடி முடிக்க முடியவில்லையாம், அதனால் தனக்காகப் போட்டுக்கொண்ட குறுக்கு வழி!

விற்காமல் போனதும் சாதனைதான். அட்டாரி கம்பெனி 1982இல் ஈ.டி. படத்தை வைத்து ஒரு விளையாட்டை வெறும் ஐந்தே வாரத்தில் செய்வித்து, இலட்சக் கணக்கில் கெசட் அடித்துக் குவித்தது. வாங்கியவர்களே திருப்பிக் கொடுத்தார்கள். மிஞ்சியதை மற்றக் கெசட்டுகளோடு சேர்த்து 1983இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் லொறி லொறியாகக் கொட்டிப் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் தோண்டி எடுத்து, அந்தக் குப்பையையே ஏலம் போட்டு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் பார்த்துவிட்டார்கள்!

காசு போட்டு ஆடும் இயந்திரங்களில் ராஜா பெக்மேன். 1981 முதல் 1987 வரை 2,93,822 இயந்திரங்கள், கின்னஸ் கணக்கு. 255 கட்டம் தாண்டி 256ஐத் தொட்டால் திரையின் பாதி எழுத்தும் குப்பையுமாகச் சிதறிவிடும். கட்டத்தின் எண்ணை வைக்க ஒதுக்கிய இடத்தில் 255க்கு மேல் கொள்ளாது, அதுதான் காரணம்.

டெட்ரிஸ்? 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. கேம் போயில் மட்டும் 3 கோடி 50 இலட்சம். செய்தவருக்கு 1996 வரை உரிமைப் பணம் கிடைக்கவில்லை! நம்ம கையில் இருந்ததோ பென்டோர்ச் பெட்டரி இரண்டில் ஓடும் பிரிக் கேம். அதுவும் எந்தக் கணக்கிலும் கிடையாது.

பிற்பாடு டவுனில் மணித்தியாலத்துக்குக் காசு வாங்கும் கேம் கடைகளில் பிளேஸ்டேஷன் 2. உலகத்தில் 16 கோடிப் பெட்டிகள், அதிகம் விற்ற பெட்டி அதுதான். கடைக்காரர் போட்டுத்தந்த டிஸ்க்கின் மேல் பேனாவால் எழுதிய பெயர். அதுவும் நகல் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

கடைசியாக ஒன்று. 2016இல் நின்டெண்டோ அந்தப் பழைய பெட்டியைக் கையடக்கமாகச் செய்து, முப்பது விளையாட்டு ஏற்றி மறுபடி விட்டது. 36 இலட்சம் போயிற்று. அமெரிக்காவில் விற்ற பெட்டியில் மரியோ உண்டு, பெக்மேன் உண்டு. கொன்ட்ராவின் இரண்டாம் பாகம் உண்டு, முதல் பாகம் இல்லை. அதை வாங்கி வந்து லயத்தில் வைத்தால் நம்ம பசங்க முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? “டேங்க் எங்க அண்ணே?”