எல்லாம் சூட்டுக் கட்டி அல்ல

திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடை, பெரும்பாலும் வெறுங்காலில். சித்திரைப் பௌர்ணமி என்றால் இரவிலும் வெக்கை தணியாது. நடந்து திரும்பிய பெண்களில் சிலருக்கு ஓரிரு நாளில் குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படும்; தொடை இடுக்கிலோ பிறப்புறுப்பின் ஓரத்திலோ சின்னதாக ஒரு முண்டு. அம்மாவிடம் சொன்னால் "சூட்டுக் கட்டிடி, இளநீர் குடி" என்பார். யாரிடமும் சொல்லாதவர் நடுராத்திரியில் செல்போனில் தேடி, பால்வினை நோயோ புற்றுநோயோ என்று நடுங்குவார். பெரும்பாலும் இரண்டில் எதுவாகவும் இருப்பதில்லை.

வெக்கைக்குப் பங்கு உண்டு. ஆனால் அது சாப்பாட்டால் ஏறும் சூடு அல்ல. வியர்வை, தொடை உரசல், காற்றுப் புகாத நைலான் உள்ளாடை எல்லாம் சேர்ந்து முடியின் வேர்ப்பையைப் புண்ணாக்குகின்றன. தோலில் சும்மா குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா அதற்குள் புகுந்தால் சீழ் வைத்த பரு. சவரம் செய்பவர்களுக்கு வெட்டுப்பட்ட முடி வளைந்து தோலுக்குள்ளேயே வளர்ந்தும் இப்படி வீங்கும். இவை பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.

இடுக்கில், தோலுக்கு அடியில் உருண்டு நகரும் கட்டியா? முதலில் பாதத்தைப் பாருங்கள். கல் குத்திய காயம் பழுத்தாலும் நெறி கட்டும். காலிலிருந்து வரும் நிணநீர் அங்குள்ள முடிச்சுகள் வழியாகத்தான் மேலே போகிறது. கிராமத்துப் பாட்டிகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

பிறப்புறுப்பு வாயிலின் கீழ்ப்பக்கம், கடிகார முகப்பில் 4 மணி, 8 மணி நிற்கும் இடங்களில், இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. 1677-இல் அவற்றை விவரித்த டென்மார்க் உடற்கூறியலாளர் காஸ்பர் பார்த்தோலின் பெயரே அவற்றுக்கு நிலைத்தது. நலமாக இருக்கும்போது கைக்குத் தட்டுப்படாது. குழாய் அடைத்தால் ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து உருண்டையாகும். நூற்றில் ஏறக்குறைய இரண்டு பெண்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. வலி இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்து வந்தாலே பல நேரம் வடிந்துவிடும். சீழ் பிடித்து உட்கார முடியாமல் போனால் மருத்துவர் திறந்துவிட வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்தால் சதைப் பரிசோதனை செய்யாமல் விடக்கூடாது.

அதிகம் குழப்புவது வேறொன்று. உள் உதட்டின் உட்புறம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வரிசையாக, மென்மையான இளஞ்சிவப்பு முனைகள் சில பெண்களுக்கு இருக்கும். இது நோயே அல்ல, உடலமைப்பு. ஆனால் எச்.பி.வி. வைரஸ் உண்டாக்கும் மருக்கள் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். அவை தேவையில்லாமல் பொசுக்கப்பட்ட பெண்களும் உண்டு. அடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இயற்கையான முனை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி இருக்கும். மருவோ கொஞ்சம் கெட்டியாக, ஒழுங்கின்றி, பூக்கோசு போல ஒரே அடியிலிருந்து கிளைக்கும். பத்தில் ஒன்பது மருக்களுக்கு எச்.பி.வி.யின் 6, 11 ஆம் வகைகளே காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் 16, 18 ஆம் வகைகள் வேறு. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசி இந்த நான்கையும் குறிவைக்கிறது. அதற்கு 2022-இல் அனுமதி கிடைத்தது.

கொத்தாக நீர்க் கொப்புளங்கள் வந்து எரிந்தால் ஹெர்பீஸாக இருக்கலாம். வலிக்காத ஒற்றைப் புண்ணை இன்னும் சந்தேகிக்க வேண்டும். மேகப்புண் எனப்படும் சிபிலிஸ் வலிக்காது, சில வாரங்களில் தானே ஆறியும் விடும். கிருமி மட்டும் உள்ளே தங்கும். வலியில்லை என்று நிம்மதியடைவது இங்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும், பென்சிலின் ஊசியில் குணமாகும்.

கட்டி பழுக்கட்டும் என்று சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடும் வழக்கம் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. மெல்லிய தோல் வெந்துவிடும். பிதுக்கவும் கூடாது. இரண்டு, மூன்று வாரத்தில் போகாதது, வளர்வது, ரத்தம் கசிவது, காய்ச்சலோடு வருவது எதுவானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு பிரிவு, தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இரண்டிலும் பார்ப்பார்கள். பெண் மருத்துவரைக் கேட்கலாம். ஆண் மருத்துவர் என்றால் நர்ஸ் உடன் இருக்க வேண்டும் என்று சொல்லலாம். கல்யாணமாகாத பெண்ணை எப்படிக் கூட்டிப்போவது என்று தயங்கும் அம்மாக்கள் கவனிக்க: வெளிப்புறத்தில் உள்ள முண்டைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள், உள்ளே கருவி எதையும் விட வேண்டியிருக்காது.